கதாபாத்திரம் பேசியதற்கு எழுத்தாளர் மீது வழக்கு: ஒரு நாவலும் துருக்கியப் பாட்டிமார் மறைத்த பெயர்களும்

2006 செப்டம்பர் 21 அன்று இஸ்தான்புல்லின் பெயோலு நீதிமன்றத்தில் ‘பாபா வே பிச்’ என்ற ஒரு நாவலை விசாரணைக்கு எடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எழுத்தாளர் எலிஃப் ஷஃபாக் வரவில்லை. சில நாட்களுக்கு முன்புதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வாசலில் தேசியவாதிகள் கூடிக் கோஷம் போட்டார்கள். கலவரத் தடுப்புப் போலீஸ் நின்றது, தள்ளுமுள்ளும் நடந்தது. உள்ளே விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. குற்றம் நடந்ததற்கான கூறுகள் எதுவும் இல்லை என்று சொல்லி நீதிபதி அவரை விடுவித்தார். அரசு வழக்கறிஞரே விடுதலையைத்தான் கேட்டிருந்தார். அன்றைய பிரதமர் எர்டோகனும் தீர்ப்பை வரவேற்றார்.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை செய்தி அத்துடன் முடிந்தது. எனக்குத் தீர்ப்பைவிடப் புகார்தான் முக்கியமாகப் படுகிறது. எழுத்தாளர் தன் பெயரில் சொன்ன எதற்காகவும் அந்தப் புகார் கொடுக்கப்படவில்லை. நாவலுக்குள் வரும் கற்பனை மனிதர்கள், அதிலும் அமெரிக்காவில் வாழும் ஆர்மேனியர்கள், தங்கள் வீட்டுக்குள் பேசிய பேச்சுக்காகக் கொடுக்கப்பட்டது. திக்ரான் என்ற மாமா ஒருவர் வருகிறார். குடும்பத்தின் மருமகள் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒரு துருக்கியனைக் கல்யாணம் செய்யப்போகிறாள், பேத்தி அவன் கையில் வளரப்போகிறாள் என்று தெரிந்ததும் மனுஷர் கொதித்துப்போகிறார். தன் இனத்தையே வெட்டிச் சாய்த்தவர்கள் துருக்கியர்கள், இந்தப் பிள்ளை நாளை அந்தப் படுகொலையே நடக்கவில்லை என்று சொல்ல வளர்க்கப்படுவாள் என்று கத்துகிறார். இன்றைய துருக்கிக்கு முன்பிருந்த உஸ்மானியப் பேரரசில் 1915 இல் ஆர்மேனியர்களை நாடுகடத்திக் கொன்றதைத்தான் அவர் சொல்கிறார். கல்யாணச் செய்தி கேட்டு எந்த வீட்டிலும் ஒரு மாமா இப்படிக் கத்தக்கூடும். அந்தக் கத்தல் துருக்கியத் தண்டனைச் சட்டத்தின் 301 ஆம் பிரிவின் கீழ் ‘துருக்கியத்தன்மையை அவமதித்த’ குற்றமாக ஆனது. அதற்கு அப்போது மூன்று ஆண்டு வரை சிறை இருந்தது.

புகாரின் பின்னால் இருந்தவர் கெமால் கெரின்ச்சிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய தேசியவாத வழக்கறிஞர் சங்கமும். அரசு வழக்கறிஞர் முதலில் வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்று கைவிட்டார். சங்கம் மேல்முறையீடு செய்தது. ஜூலையில் வழக்குக்கு மறுபடி உயிர் வந்தது. 301 ஆம் பிரிவு அப்போது புத்தம் புதியது, 2005 ஜூனில்தான் அமலுக்கு வந்திருந்தது. விமர்சிக்கும் நோக்கத்தில் சொன்ன கருத்து குற்றமாகாது என்று அதே பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பலருக்குக் கைகொடுக்கவில்லை. துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக் ஒரு சுவிஸ் பத்திரிகைப் பேட்டியில் இந்த மண்ணில் பத்து லட்சம் ஆர்மேனியர்களும் முப்பதாயிரம் குர்துகளும் கொல்லப்பட்டார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று சொல்லப்போக, அவர் மீதும் வழக்கு வந்து 2006 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. 2005 செப்டம்பரில் உஸ்மானிய ஆர்மேனியர்களைப் பற்றி இஸ்தான்புல்லில் ஒரு மாநாடு நடந்தது. அதற்கு முன் மே மாதம் நடத்த முயன்றபோது, முதுகில் குத்தும் வேலை என்று நீதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் பேச, மாநாடு தள்ளிப்போனது. அதே 2005 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரு பக்கம் கதவு திறந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் அதை இழுத்து மூட ஒரு கூட்டம் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தது. ஷஃபாக்கின் நாவல் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது.

புகார் கொடுத்தவர்கள் கோபமான சில வரிகளைத் தேடி எடுத்தார்களே தவிர, அந்த நாவல் உண்மையில் யார் மீது, என்ன குற்றம் சாட்டுகிறது என்று பார்க்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். அதை விளக்க வேண்டுமானால் நாவலுக்குள் போக வேண்டும். இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் கவனத்துக்கு: முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்த வழக்கைப் பேச முடியாது.

அஷூரே பாத்திரத்துக்குள் இருந்தது

ஷஃபாக் இதை முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் துருக்கி மொழிபெயர்ப்புதான் முந்திக்கொண்டு 2006 மார்ச்சில் மெதிஸ் பதிப்பகம் வழியாக ‘பாபா வே பிச்’ என்ற பெயரில் வெளிவந்தது. அப்பாவும் அப்பன் பெயர் தெரியாத பிள்ளையும் என்று அர்த்தம். ஆங்கிலப் பதிப்பு ‘த பாஸ்டர்ட் ஆஃப் இஸ்தான்புல்’ 2007 தொடக்கத்தில் வந்தது. அத்தியாயங்களுக்கெல்லாம் சமையல் பொருட்களின் பெயர்: லவங்கப்பட்டை, கொண்டைக்கடலை, சர்க்கரை, கோதுமை, உலர்ந்த அத்தி, மாதுளை முத்துகள், பன்னீர் என்று போகும். எல்லாம் சேர்ந்தால் அஷூரே. நோவாவின் கப்பலில் கடைசியாக மிஞ்சியிருந்த தானியத்தையும் உலர்பழத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைத்தார்கள் என்ற கதையோடு துருக்கிய வீடுகளில் முஹர்ரம் மாதத்தில் செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும் இனிப்புக் கஞ்சி அது. ஆர்மேனிய வீடுகளில் ஏறத்தாழ இதையே அனுஷாபூர் என்று புத்தாண்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்கிறார்கள். கடைசி அத்தியாயத்தின் பெயர் மட்டும் சமையலறையில் கிடைக்காத பொருள்: பொட்டாசியம் சயனைடு.

கஸான்ஜி குடும்பம் இஸ்தான்புல்லில் ஒரு பழைய மாளிகையில் குடியிருக்கும் பெண்களின் கூட்டம். இந்தக் குடும்பத்தில் ஆண்கள் வயதாகும் முன்பே செத்துப்போகிறார்கள். ஒரே ஆண்பிள்ளையான முஸ்தஃபாவை அந்தச் சாபத்திலிருந்து காப்பாற்ற அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருபது வருஷம் அவன் திரும்பி வருவதே இல்லை. வீட்டில் எஞ்சியவர்கள் முஸ்தஃபாவின் தாய் குல்ஸும், அவளுடைய நான்கு பெண்கள்: குறி சொல்லும் மூத்தவள் பானு, வரலாற்று ஆசிரியை ஜெவ்ரியே, மனநலம் குன்றிய ஃபெரிதே, குட்டைப் பாவாடையும் மூக்குத்தியுமாகப் பச்சை குத்தும் கடை நடத்தும் இளையவள் ஸெலிஹா. ஸெலிஹாவின் மகள் ஆஸ்யாவுக்கு வயது பத்தொன்பது, அப்பா யார் என்று தெரியாது. வீட்டில் எல்லாரையும் அழைப்பதுபோல் பெற்ற தாயையும் அவள் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். இவர்களுக்கெல்லாம் மூத்தவள், கொள்ளுப்பாட்டி ஸ்தானத்தில் இருக்கும் பெத்தித் மா. பழைய கதை தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான், அவளுக்கு மறதி நோய்.

அமெரிக்காவில் முஸ்தஃபா கட்டிக்கொண்டது ரோஸ் என்ற பெண்ணை. ரோஸின் முதல் கணவர் ஆர்மேனியர், அவர்களுக்குப் பிறந்தவள் அர்மனூஷ். திக்ரான் மாமா கத்தியது இந்தக் கல்யாணத்துக்காகத்தான். அர்மனூஷ் வளர்ந்து, தன் பாட்டி ஷூஷான் பிறந்த வீட்டைத் தேடிக்கொண்டு, இரண்டு பக்கக் குடும்பத்துக்கும் சொல்லாமல் இஸ்தான்புல்லுக்கு வந்து, மாற்றாந்தகப்பனின் வீட்டிலேயே தங்குகிறாள்.

முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு காட்சி. வெளிநாட்டுப் பெண்ணாயிற்றே, நம் சாப்பாடு பிடிக்குமோ என்னவோ என்று கஸான்ஜி பெண்கள் தயங்கி நிற்கும்போது அர்மனூஷ் ஒவ்வொரு பதார்த்தமாகப் பெயர் சொல்கிறாள். சுட்ட கத்தரிக்காய் மசியலையும் திராட்சை இலையில் சோறு சுற்றியதையும் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாட்டி வீட்டில் தினமும் இதுதானே என்கிறாள். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் வந்தாய் அம்மா என்று கேட்கிறார்கள். 1915 இல் தன் கொள்ளுத்தாத்தாவை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போன கதையை, பெண்களையும் பிள்ளைகளையும் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்த கதையை அவள் சொல்கிறாள். அந்தப் பெண்கள் கண் கலங்கக் கேட்கிறார்கள். அடப்பாவமே என்கிறார்கள். பிறகு ஜெவ்ரியே, பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஜெவ்ரியே, மனதாரக் கேட்கிறாள்: இந்தக் கொடுமையை யார் செய்தார்கள்?

துருக்கியர்கள் என்று பதில் வருகிறது. அப்போதும் அவர்களுக்குக் கோபம் வரவில்லை, குற்றவுணர்வும் வரவில்லை. அது உஸ்மானியர் காலம், அது வேறு நாடு, நாங்கள் வேறு. அர்மனூஷ் தடுமாறிப்போகிறாள். அவள் வீட்டில் 1915 இன்னும் நேற்றைய தினம். இவர்கள் வீட்டில் அது யாரோ எவரோ வாழ்ந்த காலம். என்னைக் கேட்டால் முழு நாவலிலும் அசாத்தியமான பக்கங்கள் இவைதான். மறுப்பு என்றால் கத்தலும் கைகலப்புமாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போகிற வாசகனுக்கு, பாசமாகச் சோறு போட்டுக்கொண்டே, மனதில் கள்ளமே இல்லாமல், தெரியாது என்று சொல்லும் மறுப்பை ஷஃபாக் காட்டுகிறார்.

இந்தத் தெரியாமை தானாக வந்ததில்லை. 1928 இல் துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. அடுத்த தலைமுறைக்குத் தாத்தாவின் கடிதங்களையே படிக்கத் தெரியாமல் போனது. 1934 இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப் பெயர் ஒட்டியது. கஸான்ஜி என்ற பெயரே அப்படி ஒட்டியதுதான், அண்டா வார்ப்பவர் என்று பொருள். அந்தத் தொழிலை இந்தக் குடும்பத்தின் மூதாதை ரிஸா செலிம் யாரிடம் கற்றார் என்பதில்தான் நாவலின் முதல் ரகசியம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் லெவோன் என்ற ஆர்மேனிய மாஸ்டர், ஷூஷானின் மாமா. நாடுகடத்தலில் குடும்பத்தை இழந்து, துருக்கிய அநாதை இல்லத்தில் பெயரும் மாற்றப்பட்டு எண் ஒட்டப்பட்டுக் கிடந்த ஷூஷானை ரிஸா செலிம் அடையாளம் கண்டு கல்யாணம் செய்துகொள்கிறார். லெவெந்த் என்று ஒரு மகன் பிறக்கிறான். பிறகு அமெரிக்காவிலிருந்து அவளுடைய அண்ணன் தேடி வர, ஷூஷான் பிள்ளையை விட்டுவிட்டு அவனோடு கப்பலேறிவிடுகிறாள். அந்தப் பிள்ளையை வளர்த்தவள்தான் ரிஸா செலிமின் இரண்டாம் மனைவி பெத்தித் மா.

ஆகவே அர்மனூஷின் பாட்டியும் கஸான்ஜிகளின் பாட்டியும் ஒரே பெண். அடப்பாவமே என்று கண்ணீர் விட்ட ஜெவ்ரியேவின் உடம்பிலும் ஆர்மேனிய இரத்தம்தான் ஓடுகிறது. அவளுக்கு அது தெரியாது.

தாய் விட்டுப்போன லெவெந்த் வளர்ந்து, பிள்ளைகளைப் பெல்ட்டால் அடிக்கும் தகப்பனாகிறான். அந்த அடியில் வளர்ந்த முஸ்தஃபா ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், தன் தங்கை ஸெலிஹாவைப் பலாத்காரம் செய்கிறான். ஆஸ்யாவின் அப்பா யார் என்ற கேள்விக்கு இதுதான் பதில். அமெரிக்கப் பயணத்துக்குச் சாபத்தைக் காரணம் காட்டினார்கள். அவன் இத்தனை காலம் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான். இருபது வருஷம் கழித்து அவன் வந்து நிற்கும்போது, மூத்தவள் பானு ஒரு கிண்ணம் அஷூரேயை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கும் புரிகிறது. எடுத்துச் சாப்பிடுகிறான்.

நாவலின் குற்றச்சாட்டு இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. 1915 இல் ஒரு குடும்பம் சிதைந்தது, சிதைந்ததிலிருந்து ஓர் அநாதை வந்தாள், அவள் விட்டுப்போன மகன் கொடுமைக்காரனானான், அவன் மகன் இன்னும் பெரிய கொடுமைக்காரனானான். ஒவ்வொரு கண்ணியிலும் யாராவது ஒருவர் நடந்ததைச் சொல்லியிருந்தால் அடுத்தது நடந்திருக்காது, அல்லது செய்தவனாவது தப்பியிருக்க மாட்டான். ஸெலிஹா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குடும்ப மானம் போயிருக்கும். நாடு எதைக் காப்பாற்ற வாய் மூடியிருந்ததோ அதைக் காப்பாற்றத்தான் அந்த வீடும் வாய் மூடியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அமெரிக்க மாமாவின் கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். இஸ்தான்புல் வீட்டுக்குள் நடந்ததை அவர்கள் தொடக்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்மேனியத் தரப்பையும் ஷஃபாக் சும்மா விடவில்லை. புலம்பெயர்ந்த ஆர்மேனியர்களில் சிலருக்குத் துருக்கி ஒருபோதும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே சௌகரியம், ஒப்புக்கொண்டுவிட்டால் தங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு அறுந்துபோகும் என்று ஓர் ஆர்மேனியக் கதாபாத்திரமே சொல்கிறது. துருக்கியரை இழிவுபடுத்தும் நூல் என்று புகார் எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

ஸெஹெர் என்ற ஹெரனுஷ்

இரண்டு குடும்பமும் ஒரே பாட்டியில் போய் முடிவதைப் படித்துவிட்டு, சினிமாத்தனமான தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் கதையின் பின்பாதி அளவுக்கு மீறி முடிச்சுப் போட்டதாகவே தோன்றுகிறது. ஆனால் பாட்டி விஷயத்தில் ஷஃபாக் ஊதிப் பெரிதாக்கவில்லை என்பதற்கு, நாவலுக்கு ஒன்றரை வருஷம் முன்பே, அதே மெதிஸ் பதிப்பகம் வெளியிட்ட வேறொரு புத்தகம் சாட்சி. 2004 இல் வந்த அதன் பெயர் ‘ஆன்னெஆன்னெம்’, என் அம்மாவின் அம்மா. எழுதியவர் ஃபெத்தியே செத்தின் என்ற மனித உரிமை வழக்கறிஞர். இது கதையில்லை, அவர் குடும்பத்தில் நடந்தது.

கிழக்குத் துருக்கியில், எலாஸிக் மாகாணத்தில், மாதென் என்ற ஊரில் வளர்ந்தவர் செத்தின். அவருடைய பாட்டி ஸெஹெர் ஊரே மதித்த முஸ்லிம் மூதாட்டி. 1970களில் ஒரு நாள் பாட்டி பேத்தியைத் தனியே அழைத்து உட்கார வைத்துச் சொல்கிறார்: என் பெயர் ஹெரனுஷ், அம்மா இஸ்குஹி, அப்பா ஹொவானெஸ். பக்கத்துப் பகுதியில் ஹபாப் என்ற ஆர்மேனியக் கிராமத்தில் பிறந்தவர் அவர். அப்பா அதற்கு முன்பே பிழைப்புக்காக அமெரிக்கா போயிருந்தார். 1915 இல் ஊர் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் நடக்கவைத்தார்கள். வழியில் செர்மிக் என்ற ஊரில் ஜாந்தர்மா எனும் ஆயுதக் காவல்படையின் கார்ப்பரல் ஒருவர் குதிரைமேல் வந்து அந்தச் சிறுமியைத் தாயின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனார். அவரே பிறகு தன் பெண்ணாக வளர்த்தார். தாய் அந்த நடையில் பிழைத்து, கடைசியில் அமெரிக்காவில் கணவரோடு போய்ச் சேர்ந்தார். மகள் வரவில்லை.

ஊரில் சில கிழவிகள் வருஷத்தில் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும், போன இடத்தில் சொரெக் என்னும் பின்னல் ரொட்டியை எடுத்து வைப்பதும் செத்தினின் சிறுவயது ஞாபகத்தில் இருந்தது. பாட்டி சொன்ன கதை தெரிந்து வெகுகாலம் கழித்துத்தான் அவருக்கு உறைக்கிறது. அது ஈஸ்டர். அந்தக் கிழவிகள் எல்லாரும் பாட்டியைப் போலவே வந்தவர்கள். ஐந்து வேளை தொழுகைக்கு நடுவில், பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியாமல், ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள். ஊரார் இப்படிப்பட்டவர்களை ‘கிலிச் ஆர்த்தி’ என்பார்கள், வாள் மிச்சம் வைத்தவர்கள். அந்தச் சொல்லைப் பாட்டியின் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள்.

2000 இல் பாட்டி இறந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் இறந்தவரின் பெற்றோர் பெயர் கேட்கிறார்கள். வீட்டுப் பெண்களில் ஒருவர் வளர்த்தவர்களின் பெயரைச் சொல்கிறார். செத்தின் பொறுக்க முடியாமல் கத்துகிறார்: அது பொய், அவர் அம்மா பெயர் எஸ்மா இல்லை, இஸ்குஹி! கூடியிருந்தவர்கள் பேசவில்லை. அவர் பிறகு ‘ஆகோஸ்’ என்ற ஆர்மேனிய வாரப் பத்திரிகையில் பாட்டியின் உண்மைப் பெயரோடு மரண அறிவிப்புக் கொடுத்தார். அந்த அறிவிப்பு கைமாறிக் கைமாறி அமெரிக்காவிலிருந்த உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தது. பாட்டி ஒருமுறையும் பார்த்திராத தங்கையைப் பேத்தி போய்ப் பார்த்தார்.

இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் முகத்தில் அறைகிறது. செத்தினின் நூல் வந்து பதிப்பு மேல் பதிப்பாகப் போனது, அதன் மீது வழக்கு வரவில்லை. நாவல் மீது வந்தது. இரண்டிலும் பொருள் ஒன்றுதான். என் ஊகம் இது: பாட்டி தன் வாயால் சொன்னதை யாரும் அவமதிப்பு என்று சொல்லிவிட முடியாது. அழுதுகொண்டே சொல்லும் பாட்டி எந்த வீட்டிலும் இருக்கிறார். நாவல் அந்தத் துயரத்தோடு நிற்கவில்லை, கோபத்தையும் பேசவிட்டது. யார் செய்தார்கள் என்று கேட்டது. பதிலையும் சொல்லவைத்தது.

ஆகோஸ் வாசல்

அந்த மரண அறிவிப்பை வெளியிட்ட ஆகோஸின் ஆசிரியர் ஹ்ரான்ட் டிங்க். மலாத்யாவில் பிறந்து, இஸ்தான்புல் அநாதை இல்லத்தில் வளர்ந்து, 1996 இல் துருக்கி மொழியும் ஆர்மேனிய மொழியும் கலந்த அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர். 2004 பிப்ரவரியில் ஆகோஸ் ஒரு செய்தி வெளியிட்டது: துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் வளர்ப்பு மகளும் துருக்கியின் முதல் பெண் போர் விமானியுமான ஸபிஹா கோக்சென், உண்மையில் ஓர் ஆர்மேனிய அநாதைக் குழந்தை என்று உறவுப் பெண் ஒருவர் சொல்கிறார். பெரிய நாளேடு ஒன்று அதை எடுத்துப் போட்டதும் ராணுவத் தலைமையகமே கண்டன அறிக்கை விட்டது. தனி வீடுகளின் ரகசியம் தேசத் தந்தையின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதே என்ற அச்சம் அது. டிங்க்கின் மீது கண் விழுந்தது அப்போதுதான்.

அதே சமயம் அவர் ஆர்மேனிய அடையாளம் பற்றி எழுதிவந்த தொடரில் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துருக்கியன் மீதான பகை உங்கள் இரத்தத்தில் விஷமாகக் கலந்திருக்கிறது, அதிலிருந்து விடுபடுங்கள் என்று அவர் புலம்பெயர்ந்த ஆர்மேனியர்களைப் பார்த்துச் சொன்னதை, துருக்கிய இரத்தமே விஷம் என்று சொன்னதாகத் திருப்பினார்கள். அப்படி அர்த்தம் வராது என்று நிபுணர் குழு அறிக்கை கொடுத்தும், 2005 அக்டோபரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள். நாவல் வழக்கில் நடந்ததும் இதே வகையான வாசிப்புத்தான். முன்னும் பின்னும் வெட்டிவிட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் பிடுங்கியெடுத்தால் யாரை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கலாம். ஷஃபாக்குக்கு நல்ல நீதிபதி கிடைத்தார், டிங்க்குக்குக் கிடைக்கவில்லை.

2007 ஜனவரி 19 அன்று, இஸ்தான்புல்லின் ஷிஷ்லி பகுதியில் தன் பத்திரிகை அலுவலக வாசலில் ஹ்ரான்ட் டிங்க் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனுக்கு வயது பதினேழு. நான்கு நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேர் ‘நாங்கள் எல்லாரும் ஹ்ரான்ட் டிங்க், நாங்கள் எல்லாரும் ஆர்மேனியர்கள்’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குடும்பத்தின் வழக்கறிஞராக நின்றவர் ஹெரனுஷின் பேத்தி ஃபெத்தியே செத்தின். அரசுக்கு ஆபத்து தெரிந்திருந்தும் அவர் உயிரைக் காக்கத் தவறியது, தண்டனை கொடுத்துக் கருத்துரிமையையும் பறித்தது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

இந்தக் கொலையை வைத்துப் பார்க்கும்போதுதான் 2006 தீர்ப்பை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்டனை வாங்கிக்கொடுப்பது மட்டும் 301 இன் வேலையாக இருக்கவில்லை. இவன் நம்மை அவமதித்தவன் என்று ஒருவர் பெயரை ஊரறிய அறிவிப்பதும் அதன் வேலையாக இருந்தது. விடுதலை ஆனாலும் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்படுவதில்லை.

பிறகு

2008 ஏப்ரலில் 301 ஐத் திருத்தினார்கள். துருக்கியத்தன்மை என்பது துருக்கிய தேசம் என்றானது, மூன்று ஆண்டு இரண்டாகக் குறைந்தது, நீதி அமைச்சரின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது என்றானது. கெரின்ச்சிஸ் மாதிரி ஆட்கள் நினைத்தபோதெல்லாம் எழுத்தாளர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும் வழி அத்தோடு குறுகியது. ஆனால் பிரிவு நீக்கப்படவில்லை, சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதே 2008 டிசம்பரில் சில அறிவுஜீவிகள் 1915 இன் பேரழிவுக்காக ஆர்மேனியச் சகோதர சகோதரிகளிடம் மன்னிப்புக் கேட்கும் அறிக்கையை இணையத்தில் வைத்தபோது முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரல் 24 அன்று, 1915 இல் இஸ்தான்புல்லின் ஆர்மேனிய அறிவாளிகளைப் பிடித்துப்போன அந்தத் தேதியில், அதே நகரின் தக்ஸிம் சதுக்கத்தில் பொதுவெளியில் முதன்முதலாக நினைவஞ்சலி நடந்தது. 2018 பிப்ரவரியில் அரசே குடிமக்களின் வம்சாவளிப் பதிவுகளை இணையத்தில் திறந்துவிட்டபோது, பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் அந்தத் தளமே முடங்கிப்போனது. ஊர்வலத்துக்கு வராத, கையெழுத்துப் போடாத சாதாரண ஜனங்கள், தங்கள் பாட்டி யார் என்று பார்க்க இரவோடு இரவாகத் தேடியிருக்கிறார்கள்.

நாவலாகப் பார்த்தால் இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். கஸான்ஜி பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வினோதத்தை ஒட்டி, அதையே திரும்பத் திரும்ப ஆடவைக்கிறார். ஸெலிஹாவுக்கு நேர்ந்த கொடுமைக்கு 1915 ஐ மூல காரணமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது முஸ்தஃபாவின் பொறுப்பு கொஞ்சம் கரைந்துவிடுகிறது, அது எனக்கு உறுத்துகிறது. அடி வாங்கி வளர்ந்த எல்லாரும் தங்கையைத் தொடுவதில்லை.

ஆனால் பலர் குறையாகச் சொல்லும் ஜின்கள் விஷயத்தில் நான் ஷஃபாக் பக்கம். பானுவின் தோளில் இரண்டு ஜின்கள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று நல்லது, ஒன்று கசப்பானது. ஆர்மேனியப் பாட்டியின் கதையையும் தங்கைக்கு நேர்ந்ததையும் பானுவுக்குச் சொல்வது அந்தக் கசப்பு ஜின்தான். அது 1915 இன் பாதைகளில் நேரில் நின்று பார்த்தது. நாவலாசிரியர் வழி தெரியாமல் மாயத்தைப் பிடித்துக்கொண்டார் என்று விமர்சித்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் வேறு யார் சொல்லியிருக்க முடியும்? தெரிந்தவளுக்கு மறதி, பாதிக்கப்பட்டவளுக்கு வைராக்கியம், போனவள் அமெரிக்காவில் வாய் திறக்காமல் செத்துப்போனாள், வரலாற்று ஆசிரியைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். மனித சாட்சி ஒன்றுகூட மிஞ்சாத வீட்டில் ஜின்னைக் கூண்டில் ஏற்றியதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அதைவிட, தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று பானு தத்தளிக்கும் இரவு இருக்கிறதே, அதை எழுத ஒரு துணிவு வேண்டும். கேட்டுவிட்டால் பிறகு கேட்காதவளாக இருக்க முடியாது என்று தெரிந்தே அவள் கேட்கிறாள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. செத்தினின் நூலை முதலில் படியுங்கள், சின்னப் புத்தகம்தான், ஆங்கிலத்தில் மாரீன் ஃப்ரீலியின் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு நாவலுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் ஜெவ்ரியே அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் உங்களுக்குக் கோபம் வராது. மாதெனில் சொரெக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவிகளின் பேத்திகளில் ஒருத்தியாகத்தான் அவளும் தெரிவாள்.